நேரத்துக்கு முந்திய பாங்கு

என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மறதி நோய் வந்திருப்பதைக் கடைசிவரை நம்பாதவர்கள் அவருடைய முரீதுகள்தான். முரீது என்றால் சீடர், அவர்களுக்கு அத்தா ஷெய்கு, அதாவது குரு. பஞ்சர் ஒட்டுகிறவருக்குச் சீடர்களா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். ஒரு தையல்காரர், ஒரு கணக்கு வாத்தியார், இன்னும் சில பேர். கடைக்கு மேலே எங்கள் வீட்டு முன்னறையில் வியாழன்தோறும் மாலையில் வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, அல்லாஹ்வின் பெயரை மூச்சோடு மூச்சாகச் சொல்வார்கள். அதற்கு திக்ரு என்று பெயர். திக்ரு என்றால் நினைவுகூர்தல், அவ்வளவுதான். ஒரு தெருவுக்கே நினைவுகூரச் சொல்லிக்கொடுத்த மனிதருக்கு மறதி வந்தது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல.

ஆரம்பத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு வியாழக்கிழமை திக்ரு முடிந்ததும் வாத்தியார் வழக்கம்போலக் குனிந்து அத்தாவின் கையை முத்தமிட்டார். அத்தா அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "யாரு நீ?" என்று கேட்டார். வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். "என்னை நானே ஒரு நாளும் கேக்காத கேள்விய ஷெய்கு கேட்டுட்டார்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். அடுத்த வாரம் முன்னறை கொள்ளவில்லை. வரிசையில் நின்று அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு போனார்கள். அத்தாவும் சலிக்காமல் ஒவ்வொருவரையும் கேட்டார். அவருக்கு நிஜமாகவே ஒருத்தரையும் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, மூளை சுருங்கிக்கொண்டே போகிறது, மாத்திரையால் ஓரளவுக்குத்தான் பிடித்து நிறுத்த முடியும் என்று சொல்லிவிட்டார். நான் அதைத் தையல்காரரிடம் சொன்னேன். அவர்தான் முரீதுகளில் மூத்தவர், என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி.

"டாக்டர் எடுத்த படத்துல மூள தெரியும் தங்கச்சி. ஃபனா தெரியுமா?"

ஃபனா என்பது இவர்கள் எல்லோரும் ஏங்குகிற நிலை. நான் என்கிற நினைப்பு கரைந்துபோய் அல்லாஹ் மட்டும் மிஞ்சி நிற்பது. ஷெய்கு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது தையல்காரரின் தீர்மானம்.

"சாப்பாட்ட வாயில வெக்கணும்கறதே மறந்துடுது அண்ணே அவருக்கு."

"நஃப்ஸு, அந்த ஆசை புடிச்ச மனசு, அடங்கிடுச்சும்மா. இனி ஒடம்பு கேக்காது."

"பாத்ரூம் எங்க இருக்குனும் மறந்துடுது. நான்தான் தொடச்சு விடறேன். அதுக்கும் ஒரு அரபிப் பேரு வெச்சிருப்பீங்களே, சொல்லுங்க."

அவர் திரும்பிப் போய்விட்டார். போனாரே தவிர நம்பவில்லை.

நான் இந்த வழியைக் கேலி செய்கிறவள் இல்லை. முன்னறையில் திக்ரு நடக்கிற சத்தத்தில்தான் நான் தூங்கி வளர்ந்தேன். கணவர் இறந்து நான் இந்த வீட்டுக்கே திரும்பி வந்தபோது, எனக்குத் தூக்கம் கொடுத்ததும் அந்தச் சத்தம்தான். அத்தாவின் ஷெய்குத்தனம் வேறு மாதிரி. திக்ரு உச்சத்தில் இருக்கும்போது கீழே எவனாவது டயரில் காற்றுப் போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றால், வட்டத்தை விட்டு எழுந்து இறங்கிப் போய்விடுவார். டியூபை உருவி, தொட்டித் தண்ணீரில் முக்கித் திருப்பித் திருப்பிக் குமிழி பார்த்து, அரத்தால் சுரண்டி, சொல்யூஷன் தடவி ஒட்டி அனுப்பிவிட்டு வந்துதான் மறுபடி உட்காருவார். "அவன் பாதி ரோட்ல நிக்கறான். நாம இங்க அல்லாவக் கூப்பிட்டுட்டு உக்காந்திருந்தா அல்லாவே நம்மளத் திட்டுவான்" என்பார். அப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு இவர்கள் அடித்த கூத்துதான் என்னை எரித்தது.

கடை இப்போது என் கையில். பஞ்சர் ஒட்டுவதும் நான், அத்தாவுக்குக் காலையில் சர்க்கரை ஊசி போடுவதும் நான். ஊசி போடும்போது தினமும் கேட்பேன்.

"அத்தா, நான் யாரு?"

"நர்சு" என்பார். சில நாள் மரியாதையாக, "டாக்டர் அனுப்பினவங்க" என்பார்.

ஒரே ஒரு தடவை, நீதானாம்மா என்று கேட்டுவிட்டால் போதும், மிச்சத்தை நான் ஓட்டிவிடுவேன் என்று நினைத்துக்கொள்வேன். அந்த ஆசை ஒன்றுதான் எனக்கு மிஞ்சியிருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்தேன்.

அன்றைக்கும் ஊசி போட்டேன். போட்ட கையோடு சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை இறங்கி, வேர்த்து நடுங்கி, மயங்கி, ஆள் போயே போய்விடலாம் என்று டாக்டரம்மா அடித்துச் சொல்லியிருந்தார். தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தேன். கீழே ஒரு வேன்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய வேன், பின் சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி, மாற்றுச் சக்கரத்தைப் போட்டு முடுக்கி அனுப்பிவிட்டு மேலே வந்தால் தட்டு வைத்தபடியே இருந்தது. கதவு திறந்து கிடந்தது. செருப்பு இருந்தது, அத்தா இல்லை.

வீட்டையும் கடையையும் இழுத்துப் பூட்டிவிட்டு ஓடினேன். பள்ளிவாசல், முடிதிருத்தும் கடை, அவர் முன்பெல்லாம் டியூப் வாங்கப் போகும் மொத்தக் கடை, தெருவுக்குப் பின்னால் சாக்கடை ஓரம், எங்கேயும் இல்லை. போலீசில் சொன்னேன். போட்டோ கேட்டார்கள், கொடுத்தேன். ஆஸ்பத்திரியிலும் போய்ப் பார்த்தேன். முரீதுகள் எவருக்கும் போன் போகவில்லை, எல்லாம் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மதியம் ஆகிவிட்டது. கை கால் ஓடாமல் தையல் கடைப் பக்கம் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளேயிருந்து திக்ரு சத்தம் வந்தது.

குனிந்து உள்ளே நுழைந்தேன். மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, வெட்டுத் துணிகளுக்கு நடுவில் தையல்காரரும் வாத்தியாரும் இன்னும் சிலரும் கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தார்கள். தையல்காரரின் கன்னத்தில் கண்ணீர். நான் ஷட்டரை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள்.

"அத்தாவக் காணோம்."

தையல்காரர் பதறவில்லை. அதுதான் என்னை முதலில் பயமுறுத்தியது. எழுந்து வந்து என் தலைமேல் கை வைக்கிற மாதிரி நின்றார்.

"அழாத தங்கச்சி. நான் பாத்தேன். காலைல பஸ் ஸ்டாண்டுல வெறுங்காலோட நின்னுட்டு இருந்தார். அந்த முகத்துல அப்படி ஒரு ஒளி. எங்க போறீங்க ஷெய்குனு கேட்டேன். வீட்டுக்குப் போறேன்னார்."

"அப்பறம்?"

"எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. நம்ம எல்லாருக்கும் வீடு அதுதானே, நாம திரும்பிப் போற எடம். எப்ப போறீங்கனு கேட்டேன். இப்பவேனார். நான் என்ன சொல்ல முடியும்? கையில முத்தம் குடுத்து, அவரு முன்னால நின்னுட்டிருந்த பஸ்ல ஏத்தி விட்டேன். அந்த பரக்கத்து, அந்த அருள் எங்களுக்கும் கெடைக்கணும்னுதான் இவங்களக் கூப்பிட்டு உக்காந்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜை மேலிருந்த பெரிய கத்தரிக்கோல்தான் முதலில் கண்ணில் பட்டது.

"எந்த பஸ்?"

"கண்ணு நெறஞ்சு போச்சும்மா. போர்டு தெரியல."

"வீட்டுக்குப் போகணும்னு ஒரு வயசான மனுஷன் வெறுங்காலோட நின்னா, வீட்டுக்கு வழி தெரியலனு அர்த்தம். கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து வீட்ல விடணும். அதுக்கு முரீதா இருக்க வேண்டாம் அண்ணே, மனுஷனா இருந்தா போதும்." நான் நிறுத்தவில்லை. "ஊசி போட்டிருக்கேன். அவர் ஒரு வாய் சாப்பிடல."

தையல்காரரின் மனைவிக்கும் சர்க்கரை உண்டு. ஊசி போட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் முகத்திலிருந்து அந்த வெளிச்சமெல்லாம் இறங்கிப் போனதைப் பார்த்தேன். ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளர் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்துவிட்டு ஒரு கையால் போனை எடுத்தார். நடத்துநர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் ஒருவன் ஆமாம் என்றான். அவன் குரல் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"செருப்பு இல்லாத பெரியவர்தானே? துறைமுகக் கிடங்குப் பக்கம் கடைசி ஸ்டாப்பு வரைக்கும் வந்தார் சார். எறங்க மாட்டேன்னு ஒரே அடம். வீடு வந்துடுச்சு பெரியவரேனு சொல்லி எறக்கி விட்டேன்."

ஒருத்தர் ஏற்றிவிட்டார், இன்னொருத்தர் இறக்கிவிட்டார். நல்லா இருக்கு உலகம்.

பக்கத்துக் கடையில் ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலும் ஒரு பன்னும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினேன். ஆம்புலன்சுக்கும் சொல்லிவிட்டேன். வழியெல்லாம் கண்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. இந்த நெரிசலில் ஆம்புலன்ஸ் எப்போது வந்து சேர. தையல்காரர் லாரிகளின் இடுக்கில் ஸ்கூட்டரை நுழைத்து நுழைத்து ஓட்டினார். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நானும் அல்லாஹ்விடம் பேசினேன். மரியாதையாகப் பேசவில்லை. முழுசாக எடுத்துக்கொண்டுவிட்டாய் அவரை, பெயர் தெரியாது, ஊர் தெரியாது, என்னையும் தெரியாது, இன்னும் என்ன வேண்டும் உனக்கு, மிச்சத்தையாவது என்னிடம் கொடு என்று கேட்டேன். வாய்விட்டே கேட்டிருப்பேன் போல. தையல்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தார்.

கடைசி நிறுத்தத்துக்கு அப்பால் கிடங்குகளின் நீளநீளமான சுவர்கள்தான் இருந்தன. வெயிலில் தார் இளகிக் கிடந்தது. லாரி நிழலில் படுத்திருந்த கிளீனர்களை எழுப்பி எழுப்பிக் கேட்டோம். ஒருவன் லாரி எடை போடும் மேடைக்குப் பின்னால் கையைக் காட்டினான்.

அங்கே பூட்டிய கிடங்கு ஒன்றின் படியில் அத்தா உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கைவிரல்கள் தந்தியடித்தன. உள்ளங்காலில் கொப்புளம். கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. உயிர் இருந்தது, அது போதும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே ஓடிப்போய் அவர் முன்னால் முட்டி போட்டேன்.

"அத்தா, குடிங்க. இந்தாங்க, ஒரு வாய்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாக்கு குழறியது. ஆனாலும் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"நோன்பு."

"என்னத்தா?"

"நான் நோன்பு. இன்னும் பாங்கு சொல்லல."

நோன்பு வைத்தவர் சூரியன் மறைந்து மஃரிபுத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லும் வரைக்கும் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அவர் நோன்பும் வைக்கவில்லை, ஒன்றும் வைக்கவில்லை. காலையில் நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துத்தான் மாத்திரை போட்டார். அதெல்லாம் மறந்துவிட்டது. நோன்பாளி வாயைத் திறக்கக் கூடாது என்பது மட்டும் மறக்கவில்லை. எல்லாம் போனது, இது ஏன் போகவில்லை என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. ஒரு கையால் தாடையைப் பிடித்து இன்னொரு கையால் பாட்டிலை வாயில் வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டார். எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ, என் கையைத் தட்டிவிட்டார். பாதி ஜூஸ் படியில் கொட்டி ஓடியது.

"தொடாதம்மா. அன்னியப் பொம்பள. தள்ளி நில்லு."

நான் தையல்காரரைப் பார்த்தேன். "அண்ணே, கையப் புடிங்க. ரெண்டு கையும் புடிச்சுக்குங்க, நான் ஊத்தறேன்."

அவர் இரண்டடி முன்னால் வந்து நின்றுவிட்டார். "ஷெய்கு மேல நான் எப்படிக் கை வைப்பேன்? அவரோட நோன்ப முறிக்கறதுக்கு நான் யாரு?"

"யாரா இருந்தா என்ன, புடிங்க."

"வரமாட்டேங்குது தங்கச்சி. கை வரமாட்டேங்குது."

அத்தாவின் தலை மெல்ல ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. பாட்டிலில் மிச்சம் இருந்தது பாதிக்கும் கீழே. அதையும் கொட்டிவிட்டால் திரும்பப் போய் வாங்கிவருவதற்குள் எல்லாம் முடிந்துபோகும். அழக்கூட நேரம் இல்லை. அப்போதுதான் எனக்கு அது தோன்றியது.

"அப்ப பாங்கு சொல்லுங்க."

"என்ன?"

"பாங்கு. மஃரிபு பாங்கு. இப்ப, இங்க நின்னு சொல்லுங்க. பாங்கு கேட்டா நோன்பு தெறப்பார்."

தையல்காரர் வானத்தைப் பார்த்தார். உச்சியிலிருந்து கொஞ்சம்தான் சரிந்திருந்தது வெயில். "சாயங்காலத்து அசர் தொழுகைக்குக்கூட நேரம் ஆகல. நேரம் வராம பாங்கு சொன்னா அது பொய்யில்லையா. அல்லாவோட பேர வெச்சு, ஷெய்குகிட்டயே."

"ஆமா, பொய்தான். வீட்டுக்குனு அவர் நெசத்தச் சொன்னார். அதுக்கு நீங்களா ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சுப் பஸ் ஏத்தி விட்டீங்க. இப்ப நீங்க பொய்யச் சொல்லுங்க, அவர் அத நெசம்னு நம்பட்டும். பாவம் என் தலைல விடியட்டும். சொல்லுங்க அண்ணே, உங்க கால்ல விழறேன்."

விழவும் போனேன். அவர் பின்னால் நகர்ந்தார். முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டார். பிறகு எடைமேடையின் திண்டில் ஏறி, தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று சூரியனைப் பார்த்து உத்தேசமாகத் திரும்பி, காதில் விரலை வைத்தார்.

அவருக்கு நல்ல குரல். முதல் அல்லாஹு அக்பர் உடைந்துதான் வந்தது. இரண்டாவது கிடங்குச் சுவர்களில் பட்டுத் திரும்பியது. லாரி நிழலில் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். "பெருசு, உங்க கடிகாரம் ஓடிப்போச்சா" என்று ஒரு கிளீனர் கத்தினான். இன்னொருவன் சிரித்தான். தையல்காரர் நிறுத்தவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு தொழுகையை நேரம் தவறித் தொழாத மனிதர், பட்டப்பகலில் மஃரிபுக்கு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அத்தாவின் தலை நிமிர்ந்தது. காதைக் கொடுத்துக் கேட்டார். பாங்கின் ஒவ்வொரு வரிக்கும் அவர் உதடு பதில் சொன்னது, சத்தம் வரவில்லை. முடிந்ததும் கையை நீட்டினார். நான் பாட்டிலைப் படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். என் கையால் வாங்கமாட்டார் என்று தெரியும். அவரே எடுத்தார். பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு, நிறுத்தி நிறுத்தி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். பன்னையும் பிய்த்து வைத்தேன், சாப்பிட்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தார் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. வேர்வை அடங்கியது. கண்ணுக்குள் ஆள் வந்தது. வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பாங்கு சொல்லியாகிவிட்டது அல்லவா, தொழ வேண்டுமே. தையல்காரர் தோள் துண்டை விரித்துப் போட்டார். அத்தா முன்னால் நின்றார், தையல்காரர் பின்னால் நின்றார். அத்தா இரண்டு கையையும் காதுவரை உயர்த்தி அல்லாஹு அக்பர் என்று சொல்லிக் கையைக் கட்டினார்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

தையல்காரர் தலை குனிந்து காத்திருந்தார். ஷெய்கு ஏதோ ஒரு நிலைக்குப் போய்விட்டார் என்று முதலில் நினைத்திருப்பார். லாரி ஒன்று எடைமேடையில் ஏறி இறங்கிப் போனது. அத்தா நின்றபடியே மெல்லத் திரும்பினார். தொழுகையில் நிற்கிறவர் திரும்பக் கூடாது. திரும்பினார். பரீட்சையில் பதில் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம்.

"அப்பறம் என்னப்பா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு யாரும் பொருள் சொல்லவில்லை. தையல்காரர் அத்தாவின் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குள்ளே எது இடிந்து விழுந்ததென்று எனக்குத் தெரியும், எனக்கும் அது முன்னமே விழுந்ததுதான். அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது. பிறகு அவர் முன்னால் போய் அத்தாவின் பக்கத்தில், தோளோடு தோளாக நின்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஷெய்கின் தோளில் கையைப் போட்டார்.

"அல்ஹம்து ஓதணும் ஷெய்கு. நான் சொல்றேன், நீங்க கூடச் சொல்லுங்க."

குர்ஆனின் அந்த முதல் அத்தியாயத்தைச் சொல் சொல்லாகச் சொன்னார். அத்தா ஒவ்வொன்றையும் அவர் வாயைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். அப்படியே முடித்தார்கள்.

ஆம்புலன்ஸ் அப்போதுதான் வந்தது. விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, சர்க்கரை ஏறிடுச்சு, நல்லா சாப்பாடு கொடுங்க, காலுக்கு மருந்து போடுங்க என்று கட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். நான் அத்தாவிடம் போய்க் கையை நீட்டினேன்.

"வாங்கத்தா, வீட்டுக்குப் போலாம்."

"நீங்க யாரும்மா?"

"உங்க மக."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். கோபம் இல்லை. மனசு நோகக் கூடாது என்று யோசித்துப் பேசினார். "இல்லம்மா. என் மக வீட்ல இருக்கா. ஒண்டியா இருப்பா. காலைலேருந்து நான் அவகிட்டதான் போயிட்டிருக்கேன். வழிதான் வரமாட்டேங்குது."

தையல்காரர்தான் பேசினார். "இவங்களுக்கு வழி தெரியும் ஷெய்கு. கூட்டிட்டுப் போவாங்க."

போகச் சம்மதித்தார். ஆனால் கையைத் தரவில்லை, அன்னியப் பெண் கையைப் பிடிக்கமாட்டேன் என்றார். எங்கள் வழியில் சேர வருகிற பெண்களின் கையை ஷெய்கு தொடுவதில்லை. ஒரு துணியின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்வார், மறுமுனையை அந்தப் பெண் பிடித்து உறுதிமொழி சொல்வாள். அந்தத் துணியை நான் மட்டும் பிடித்ததில்லை. மகளுக்கு எதுக்குத் துணி, கையே இருக்கே என்று சொல்லிவிட்டவர் அத்தாதான். இப்போது என் துப்பட்டாவின் முனையை அவரிடம் நீட்டினேன். உடனே பிடித்துக்கொண்டார். தையல்காரர் ஸ்கூட்டரில் பின்னால் வர, நாங்கள் ஏறிய பஸ்ஸிலும் அவர் அதை விடவில்லை. எதிர் சீட்டில் நான், இந்தப் பக்கம் அவர், நடுவில் துணி. ஒவ்வொரு நிறுத்தத்திலும், "வந்துடுச்சாம்மா? அவ பயந்துடுவா" என்றார்.

எங்கள் மாடிப்படி அடியிலேயே தையல்காரர் நின்றுகொண்டார். "நான் என்ன செய்யணும் சொல்லு தங்கச்சி."

"வியாழக்கிழமையோட நிறுத்தாதீங்க. தெனமும் வந்து ஒரு வேளைக்கு ஊட்டி விட்டுட்டுப் போங்க."

தலையாட்டினார். அழுதபடியே போனார்.

நான் பூட்டைத் திறந்தேன். அத்தா துணியை விட்டுவிட்டு எனக்கு முன்னால் உள்ளே போனார். முன்னறையைப் பார்த்தார், அடுக்களையை எட்டிப் பார்த்தார், படுக்கையறைக் கதவுக்குப் பின்னால்கூடப் பார்த்தார். சின்ன வயதில் நான் அங்கேதான் ஒளிந்துகொள்வேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எத்தனையோ மாதமாக அந்த வாயிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த பெயர். "இங்கதான் இருக்கேன் அத்தா" என்றேன். அவர் என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் பார்த்தார். இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். நானும் பதில் சொன்னேன். அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் களைத்துப்போய் வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். "எங்கயோ வெளிய போயிருக்கா. வர்ற வரைக்கும் நான் இங்க இருந்துக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"தாராளமா இருங்க" என்றேன்.

"நீங்களும் கொஞ்சம் இருங்கம்மா. அவ வந்ததும் போலாம்."

கதவைத் திறந்தே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் வருவதற்காக நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.